“என் ஜியாமெட்ரி பாக்ஸ் எங்க, டீச்சர்?” – ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும், மே மாதம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) எடுக்க ஊர் ஊராகப் போகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

ஸ்தோத்திரம்.

நானும் உங்களில் ஒருத்திதான். 16 வருஷமாகத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துச் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். வெளியே நின்று குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சம்பளம் கிடையாது, சாக்பீஸ் டப்பாகூட நம் கைக்காசில்தான், ஆராதனை மணி அடிப்பதற்குள் கிடைக்கிற முக்கால் மணி நேரத்தில் பாட்டு, ஜெபம், மனன வசனம், பாடம், வருகைப் பதிவு எல்லாவற்றையும் முடிக்க வேண்டும், நடுவில் ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் தவிக்கும், இன்னொன்று பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு விஷயத்தில் நாம் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்து வருகிறோம் என்று சில வருஷமாகவே மனசு உறுத்திக்கொண்டிருக்கிறது. மனந்திரும்புதலைப் பற்றித்தான் சொல்கிறேன். ஆண்டவர் கலிலேயாவில் பிரசங்கிக்கத் தொடங்கினபோதே “மனந்திரும்பி, சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்” என்றுதான் ஆரம்பித்தார் (மாற்கு 1:15). அவ்வளவு பெரிய பாடத்தை நாம் வி.பி.எஸ். கடைசி நாளில் கண்ணை மூடிக் கை தூக்க வைக்கிற பத்து நிமிஷமாகச் சுருக்கிவிட்டோம்.

முதலில் என்னுடைய தப்பைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் உங்களுக்கு எழுத எனக்கு உரிமை இல்லை.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், லெந்து காலத்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) ஞாயிறு ஒன்று. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் கூட உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துவிட்டான். மஞ்சள் தகர டப்பா, மூடிக்கு உள்பக்கம் வாய்ப்பாடு அச்சடித்திருக்குமே, அந்த மாதிரி. கேட்டதற்கு முதலில் இல்லை என்றான், அப்புறம் அழுதான். அன்றைக்கு எனக்குப் பாடமே மனந்திரும்புதல். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா என்று நினைத்துவிட்டேன். அவனை முன்னால் கூப்பிட்டு முழங்காலில் நிற்க வைத்தேன். “இயேசப்பா, நான் திருடிட்டேன், என்னை மன்னியும்” என்று நான் சொல்லச் சொல்ல அவனும் விக்கி விக்கிச் சொன்னான். மற்றப் பிள்ளைகளை அவன் பக்கமாகக் கை நீட்டி ஜெபிக்கச் சொன்னேன். ஒரு பாட்டும் பாடினோம். “உன் பாவமெல்லாம் போயிடுச்சு, சந்தோஷமா போய் உட்காரு” என்று அனுப்பினேன். என் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் ஊழியம் செய்ததற்கு ஒரு ஆத்துமா கிடைத்தது என்று நிறைவாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் பிள்ளை வந்து என் சேலை முந்தியைப் பிடித்து இழுத்தாள்.

“டீச்சர், இயேசப்பா அவனை மன்னிச்சிட்டாரு. என் ஜியாமெட்ரி பாக்ஸ் எங்க, டீச்சர்?”

எனக்குப் பதில் வரவில்லை. பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் அவனிடம் சொல்லவே இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்கவும் சொல்லவில்லை. அத்தனை ஜெபமும் பாட்டும் நடந்தபோது, பொருளைப் பறிகொடுத்த பிள்ளை மூன்றாவது வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளையும் சேர்த்துத்தான் அவனுக்காகக் கை நீட்ட வைத்திருந்தேன். எடுத்தவனுக்கு வகுப்பே சேர்ந்து ஜெபித்தது, பறிகொடுத்தவளை ஒரு வார்த்தை விசாரிக்க ஆள் இல்லை. அவனுக்கும் நான் நல்லது செய்யவில்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் முழங்காலில் நின்றது அவன் மனசில் என்னவாகத் தங்கியிருக்கும்? ஆண்டவர் தன்னைத் தூக்கியெடுத்த நாளாகவா, டீச்சர் அவமானப்படுத்திய நாளாகவா? அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

சகேயு கதையை நாம் எப்படி எடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வரி வசூலிக்கிற குள்ளமான மனுஷன், காட்டத்தி மரம், “சீக்கிரமாய் இறங்கிவா”, ஒரு ஆக்‌ஷன் பாட்டு, மரம் வரைந்து பச்சை தீட்டுதல், அவ்வளவுதான். லூக்கா 19:8-க்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். கதையின் உயிரே அந்த வசனத்தில்தான் இருக்கிறது. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் “நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்” என்று அவன் நின்று சொல்கிறான். அதற்கப்புறம்தான் “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்று இயேசு சொல்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள்: அவன் எதையும் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்வதற்கு முன்னாலேயே, ஊரே முறுமுறுக்க, ஆண்டவர் அவன் வீட்டுக்குப் போய்விட்டார். அன்பு முதலில் வந்தது, பணம் அப்புறம் திரும்பியது. பாவி என்று ஊர் ஒதுக்கின ஒருவன் தானாக எழுந்து நின்று கணக்குப் போடுகிற அளவுக்கு அந்த ஒரு சாப்பாட்டு வேளை அவனுக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது.

லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தைக் கூடப் பிள்ளைகளுக்கு எடுக்கலாம், நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அதில் பின்னக் கணக்கு இருக்கிறது. பிறன் பொருளை வஞ்சித்து எடுத்தவன் முதலைக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உடையவனிடம் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் ஆசாரியனிடம் பலி. 100 ரூபாய் எடுத்தால் 120 என்று போர்டில் எழுதிக் காட்டினேன். “50 ரூபாய் எடுத்தா?” என்று ஒரு பிள்ளை கேட்க, வகுப்பே சேர்ந்து 60 என்றது. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவரும் இதைத்தானே சொன்னார், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று (மத்தேயு 5:23-24). தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவாகி, 1950-இல் வந்த திருவிருந்து ஆராதனை முறையில் கையோடு கை சேர்த்துச் சமாதானம் கொடுத்துக்கொள்கிற வழக்கத்தை வைத்தார்களே, அதற்கு அடியில் கிடப்பது இந்த எண்ணம்தான். போதகர் ஐயரிடமிருந்து முதல் வரிசைக்கு வந்து அங்கிருந்து பின்னால் பின்னாலே போகிற அந்தச் சமாதானத்தைப் பிள்ளைகள் வாரா வாரம் வேடிக்கை பார்க்கிறார்கள், அது எதற்கு என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை.

சரி, அடுத்து பயம். இது எனக்கு இன்னும் கஷ்டமான விஷயம்.

“இன்னைக்கு ராத்திரி நீ செத்துட்டா எங்கே போவே?” இந்தக் கேள்வியை நாம் எல்லாருமே கேட்டிருக்கிறோம், நம்மிடமும் கேட்டிருக்கிறார்கள். ஏழு வயசுப் பிள்ளையிடம் இதைக் கேட்கலாமா? சிவப்பு பல்பு போட்டு நரக நாடகம் போடுகிறோம், பல்லுக்கடிப்பு எல்லாம் நடித்துக் காட்டுகிறோம், அப்புறம் விளக்கை அணைத்து, கீபோர்டை மெதுவாக வாசிக்கச் சொல்லி, கை தூக்குகிறவர்கள் தூக்குங்கள் என்கிறோம். தூக்காத பிள்ளை யார் இருக்கும்? எங்கள் சபையிலேயே மூன்று மே மாதம் தொடர்ந்து கை தூக்கின பிள்ளை உண்டு. ஏம்மா, போன வருஷமே ஒப்புக்கொடுத்தியே என்று கேட்டேன். “ஒருவேளை போன தடவை சரியாத் தூக்கலையோன்னு பயமா இருந்துச்சு டீச்சர்” என்றாள். அதோடு, நம் வி.பி.எஸ்.-க்குப் பக்கத்துத் தெரு இந்துப் பிள்ளைகளும் ஆசையாக வருகிறார்கள், பாட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் விளையாட்டுக்கும். அவர்களில் ஒருத்தி என்னிடம் வந்து, எங்க அம்மா அங்கதான் போவாங்களா என்று கேட்டாள். அந்தக் குழந்தையின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றியது யார்? பரிசுத்த ஆவியானவர் இல்லை, நாம்தான். “இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன்” என்று தொடங்கி ஏந்திரக்கல்லில் முடிகிற அந்த வசனத்தை (மத்தேயு 18:6) அன்றைக்கு ராத்திரி வாசித்தேன்.

நியாயத்தீர்ப்பு இல்லை என்றோ பாவம் பெரிய விஷயமில்லை என்றோ நான் சொல்ல வரவில்லை. நம் விசுவாசப் பிரமாணத்தில் அது இருக்கிறது, வாரா வாரம் சொல்கிறேன், முழு மனசோடு சொல்கிறேன். ஆனால் பவுல் ரோமருக்கு எழுதினபோது மனுஷனைத் திரும்ப வைக்கிறது எது என்று சொன்னார்? “தேவதயவு நீ குணப்படும்படி உன்னை ஏவுகிறதென்று அறியாமல்” என்கிறார் (ரோமர் 2:4). தேவதயவு. குணப்படுதல் என்ற வார்த்தையும் எவ்வளவு அழகு பாருங்கள், காய்ச்சல் குணமாவது மாதிரி. பயத்தில் கை தூக்கின பிள்ளை பயம் போனதும் கையை இறக்கிவிடும். கல்லூரிக்குப் போனபின் கோயில் பக்கமே வராத நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி இறக்கினவர்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

லூக்கா 15-இல், அப்பாவிடம் பங்கைப் பிரித்து வாங்கிப் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்ட இளைய குமாரன் பன்றிகளின் தவிட்டுக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்திருக்கிறான், புத்தி தெளிகிறது, அப்பாவிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயார் பண்ணுகிறான். வழியெல்லாம் அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்திருப்பான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும், ஏனென்றால் மார்க் ஷீட்டைக் காட்டப் போகிற அன்றைக்கு அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். அந்தப் பேச்சின் கடைசி வரி, “உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்”. வீட்டுக்கு வந்து பேசும்போது அந்த வரி வராது. 19-ஆம் வசனத்தையும் 21-ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவன் அதைச் சொல்வதற்குள் அப்பா உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்று உள்ளே ஆள் அனுப்பிவிட்டார். அதற்கும் முன்னால், தூரத்தில் வரும்போதே கண்டு, மனதுருகி, ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நம் ஊரில் வேட்டி கட்டின பெரியவர் தெருவில் ஓடினால் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். அந்தத் தகப்பன் அப்படித்தான் ஓடினார். இந்தக் கதைக்குக் “கெட்ட குமாரன்” என்று பெயர் வைத்துச் சொல்லியே பழகிவிட்டோம், பிள்ளைகள் மனசிலும் அந்தக் கெட்டவன்தான் நிற்கிறான், ஓடி வந்த அப்பா நிற்பதில்லை.

மனந்திரும்புதல் என்ற சொல்லே நமக்குப் பெரிய உதவி. கிரேக்கத்தில் மெட்டனோயா, மனம் மாறுகிறது என்ற பொருள். எபிரேயத்தில் ஷூப், திரும்பி வருகிறது. தமிழில் மனம், திரும்புதல் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டோம். நான் வகுப்பில் இப்படிச் சொல்வேன்: திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் தூத்துக்குடி பஸ் என்று நினைத்துத் தென்காசி பஸ்ஸில் ஏறிவிட்டாய். ஆலங்குளம் வந்தபிறகுதான் தெரிகிறது. என்ன செய்வாய்? அழுவேன் டீச்சர் என்று ஒரு பிள்ளை சொல்லும். அழு, தப்பில்லை, ஆனால் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தால் பஸ் உன்னைத் தென்காசிக்குத்தானே கொண்டுபோகும்? இறங்கணும், எதிர்ப் பக்கம் போய் நிற்கணும், ஏறணும். கண்டக்டர் அண்ணாச்சியிடம் தப்பா ஏறிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கும், சொல்லத்தான் வேண்டும். தூத்துக்குடியில் உனக்காக ஒருத்தர் காத்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தால் இறங்குகிற தைரியம் வரும். இவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டால் சிவப்பு பல்பு தேவைப்படுவதில்லை.

இன்னொரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நாம் எல்லாரும் பயன்படுத்துகிற அந்த வண்ணப் புத்தகம், எழுத்தே இல்லாமல் கறுப்பு, சிவப்பு, வெள்ளை, பொன் என்று பக்கங்கள் மட்டும் இருக்குமே. 1866-இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற பிரசங்கியார் மூன்று வண்ணத்தில் சொன்னது, 1875-இல் டி.எல். மூடி என்ற அமெரிக்கப் பிரசங்கியார் பொன் வண்ணத்தைச் சேர்த்தார், பச்சை அதற்கும் பின்னால் வந்தது. அவர்கள் காலத்துக்கும் ஊருக்கும் அது சரியாக இருந்திருக்கலாம். நம் பிள்ளைகள் முன்னால் கறுப்புப் பக்கத்தைக் காட்டி “இது பாவ இருதயம், அசிங்கம்” என்றும், வெள்ளையைக் காட்டி “இது சுத்தம்” என்றும் சொல்லும்போது, ஏற்கெனவே வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் “கருப்பி” என்று கூப்பிடப்படுகிற பிள்ளை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். நான் பார்த்தேன். அதோடு அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டேன். வேதத்தில் ஏசாயா பாவத்துக்குச் சொன்ன நிறம் கறுப்பு இல்லை, “இரத்தாம்பரச் சிவப்பு” (ஏசாயா 1:18). உன்னதப்பாட்டில் மணவாட்டி தான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்கிறாள். நம்மிடம் சிக்கெடுத்த நூல் இருக்கிறது, மண்ணில் விழுந்து கழுவின கொய்யாப்பழம் இருக்கிறது, வழிதப்பின ஆட்டுக்குட்டி இருக்கிறது. பாவத்தைச் சொல்ல ஒரு பிள்ளையின் தோல் நிறம் எதற்கு?

சின்னப் பிள்ளைகளுக்குப் பாவம் என்றால் என்ன என்பதே நம்மைப் போலப் புரிவதில்லை. பியாஜே என்கிற சுவிட்சர்லாந்து அறிஞர் 1932-இல் எழுதின ஆராய்ச்சியில் பிள்ளைகளுக்கு இரண்டு கதை சொல்வார். ஒரு பையன் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று கதவைத் திறக்கிறான், கதவுக்குப் பின்னால் இருந்தது தெரியாமல் 15 கோப்பை உடைந்துவிடுகிறது. இன்னொருவன் அம்மா இல்லாதபோது ஜாம் எடுக்க ஏறி 1 கோப்பையை உடைக்கிறான். யார் அதிகம் தப்பு செய்தவன்? சின்னப் பிள்ளைகள் பலர் 15 உடைத்தவன் என்கிறார்கள், பெரிய பிள்ளைகள் ஜாம் எடுத்தவன் என்கிறார்கள். நான் கோப்பைக்குப் பதில் சில்வர் தட்டு கீழே விழுந்து நெளிந்ததாக மாற்றி என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், அப்படியேதான் பதில் வந்தது. அப்படியானால், தண்ணீர்க் குடத்தைக் கை தவறிப் போட்டுவிட்ட ஆறு வயசுப் பிள்ளை அன்றைக்கு ஞாயிறு பள்ளியில் பாவம், அக்கினி என்றெல்லாம் கேட்டால் குடத்தைத்தான் நினைக்கும். பாலர் வகுப்பு எடுக்கிறவர்கள் முதலில் தவறிப்போனதையும் தெரிந்தே செய்ததையும் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். தவறிப்போனதற்கு “ஐயோ, சாரி, நான் துடைக்கிறேன்” போதும். தெரிந்தே செய்ததற்குத்தான் மனந்திரும்புதல்.

இதைவிட முக்கியமானது ஒன்று. தனியாகக் கூப்பிட்டு “உன் பாவம் என்னன்னு சொல்லு, அறிக்கை பண்ணு” என்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் சொல்லவருகிற பிள்ளைகளில் ஒரு பிள்ளை, தனக்கு வேறொருவர் செய்த கொடுமையைத் தன்னுடைய பாவம் என்று நினைத்துக்கொண்டு வரக்கூடும். மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், சில நேரம் சபைக்குள்ளேயே ஒருவர். அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்து “இயேசு உன்னை மன்னிச்சிட்டார்” என்று நாம் சொன்னால், நீதான் குற்றவாளி என்று தேவன் பெயரால் முத்திரை குத்தினதாகிவிடும். செய்தவனை மன்னித்துவிடு, மறந்துவிடு என்று சொல்வது அதைவிடக் கொடுமை. அந்தப் பிள்ளை மனந்திரும்ப ஒன்றுமே இல்லை. இது உன் தப்பே இல்லை, நீ சொன்னது நல்லது, நான் உன்னை நம்புகிறேன் என்பதுதான் நம் வாயிலிருந்து வர வேண்டும். அப்புறம் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போட வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி இப்படி ஒன்று தெரியவந்த யாரும் புகார் கொடுத்தாக வேண்டும், சபைப் பெயர் கெட்டுவிடும் என்று நாலு பேர் கூடி மூடி வைப்பதற்கு நமக்கு உரிமை கிடையாது. பிள்ளைகளைத் தனியறையில் வைத்துப் பாவ அறிக்கை கேட்பதை முதலில் நிறுத்துங்கள். பேச வேண்டும் என்றால் மற்றவர் கண்ணில் படுகிற இடத்தில், வேப்பமரத்தடியில் பேசுங்கள்.

ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவையும் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசையும் பற்றி ஒரு வார்த்தை. இதைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு எடுக்கும்போது நாம் அவசரப்பட்டுவிடுகிறோம், பேதுரு நல்லவன், யூதாஸ் கெட்டவன் என்று. ஆனால் யூதாசும் மனஸ்தாபப்பட்டான். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவந்தான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன், பாவஞ்செய்தேன் என்று வாயாலும் சொன்னான். ஆசாரியர்கள் என்ன சொன்னார்கள்? “எங்களுக்கென்ன, அது உன்பாடு.” மத்தேயு 27:4-ஐ நான் வாசிக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் நின்றுவிடுவேன். அழுது வந்த ஒருவனிடம், ஆலயத்துப் பெரியவர்கள், அது உன்பாடு என்று சொல்லிவிட்டார்கள். அவன் போய்விட்டான். பேதுரு மனங்கசந்து அழுதான், அவனுக்கோ விடியற்காலையில் கடற்கரையில் ஒருவர் கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டு வைத்திருந்தார். மறுதலித்த ராத்திரி குளிர் காய்ந்ததும் கரிநெருப்பில்தான், யோவான் அதை 18:18-இலும் 21:9-இலும் எழுதியிருக்கிறார். மூன்று தரம் தெரியாது என்றவனிடம் ஆண்டவர் மூன்று தரம் என்னை நேசிக்கிறாயா என்று கேட்கிறார், அதுவும் சாப்பிட வைத்த பிறகு. நம்மிடம் தப்பைச் சொல்ல வருகிற பிள்ளைக்கு நாம் எந்தப் பெரியவராக இருக்கிறோம்?

இதோடு நம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் இதுவரை எந்தப் பெரியவராவது தங்களிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்திருக்கிறார்களா? தப்பான பிள்ளையை அடித்துவிட்டோம், பேர் மாற்றித் திட்டிவிட்டோம், பரிசு தருகிறேன் என்று சொல்லி மறந்துவிட்டோம், நாம் என்ன செய்தோம்? இரண்டாம் நாள் சாக்லேட் கொடுத்துச் சமாளித்தோம். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கின மார்ட்டின் லூத்தர் 1517-இல் எழுதின 95 வாக்கியங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். வாழ்நாள் முழுக்க என்றால் பெரியவர்களும்தானே. வாரா வாரம் ஆராதனையில் நாம் பாவ அறிக்கை சொல்வதும் அதற்குத்தானே.

அந்தப் பெண் பிள்ளை கேட்டதற்கு அடுத்த வாரம், வகுப்பில் எல்லார் முன்னாலும் நான் நின்று சொன்னேன்: டீச்சர் ரெண்டு தப்பு பண்ணிட்டேன், அவனை எல்லார் முன்னாலயும் முழங்கால் போட வச்சது தப்பு, இவளை மறந்தது தப்பு, ரெண்டு பேரும் என்னை மன்னிக்கணும். வகுப்பில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. அவன் வீட்டுக்கும் போனேன். அவன் அம்மா திண்ணையில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பாக்ஸ் இருந்தது, காம்பஸ் தொலைந்திருந்தது. அந்த அம்மா அன்றைக்குச் சுற்றின கூலியிலிருந்து காம்பஸ் வாங்கிக் கொடுத்தார். நான் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம் டீச்சர், அவன் எடுத்ததுக்கு நாங்கதான் கொடுக்கணும் என்றார். நான் அத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததை அந்த அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார். அவன் அதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தபோது நான் பக்கத்தில் போகவில்லை. தூரத்திலிருந்துதான் பார்த்தேன். அவள் திறந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள், ஏதோ கேட்டாள், அவன் வீட்டைப் பார்த்து ஓடினான், ஒரு ஸ்கேலோடு திரும்பி ஓடிவந்தான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். வி.பி.எஸ். பத்து நாள் நடக்கிறது என்றால், மனந்திரும்புதல் பாடத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பத்தாம் நாள் பவனியும் கலைநிகழ்ச்சியும் பரிசும் இருக்கும், பிள்ளைகள் கை தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், நாமும் தீர்மான அட்டைகளை எண்ணி அறிக்கையில் எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவோம். மூன்றாம் நாளே எடுங்கள். அட்டையில் “என் பாவங்களை அறிக்கையிடுகிறேன்” என்ற வரிக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் விடுங்கள்: யாரிடம் போக வேண்டும், என்ன திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளை அதை எழுதி நம்மிடம் காட்ட வேண்டாம், மடித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும். போய்ச் சொல்லவும் கொடுக்கவும் அவர்களுக்கு மீதி ஏழு நாள் இருக்கும், வெட்கப்பட்டு நிற்கிற பிள்ளையோடு கூட நடந்துபோக நமக்கும் ஏழு நாள் இருக்கும்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை